அக்காவின் உதட்டுக்கு என் நிறம்

நாங்கள் இருக்கும் ஜெர்மன் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் வேண்டாத பொருள்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வாசலுக்கு வெளியே நடைபாதையில் வைத்துவிடுவார்கள். பெட்டியின் மேல் ‘ட்ஸு ஃபெர்ஷெங்கன்’ என்று எழுதிய தாள் ஒட்டியிருக்கும். சும்மா கொடுக்கிறோம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். காப்பிக் கோப்பை, குழந்தைச் செருப்பு, பாதி எரிந்த மெழுகுவர்த்தி, ஒரு காது போன பொம்மை முயல் எல்லாம் இருக்கும். கோட்டும் தொப்பியும் போட்ட கௌரவமான மனிதர்கள் குனிந்து கிளறிப் பார்த்துவிட்டு, பிடித்ததைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்து போவார்கள். வந்த புதிதில் எனக்கு அந்தப் பெட்டிகளைத் தாண்டிப் போகவே கால் கூசும். நாங்கள் தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம்தான். ஆனாலும் தெருவில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைக் காலால்கூடத் தொடக்கூடாது, சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்று சொல்லி வளர்த்தவள் அம்மா. எலுமிச்சம்பழத்துக்குச் சொன்னதைத்தான் நான் ஜெர்மன்காரனின் காப்பிக் கோப்பைக்கும் கடைப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

போன வசந்தத்தில்தான் முதன்முறையாக அப்படி ஒரு பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தேன். என் மகள் ரூத்தைக் கிட்டாவிலிருந்து கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். கிட்டா என்றால் இங்கே பள்ளிக்கூடத்துக்கு முந்தைய குழந்தைகள் பகலெல்லாம் இருக்கும் இடம், நம் ஊர் அங்கன்வாடி மாதிரி. ரூத் ஒரு பெட்டியில் கையை விட்டுத் துருப்பிடித்த பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்தாள். உள்ளே பழைய கிரேயான்கள். சிவப்பும் மஞ்சளும் நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தன. பழுப்பு, ஊதா, கறுப்பு மட்டும் ஏறக்குறைய முழுசாக இருந்தன. எந்த நாட்டுக் குழந்தைக்கும் பழுப்பு வேண்டாம் போலிருக்கிறது. ‘அம்மா, படம் வரையவா?’ என்று ரூத் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிக்கொண்டே டப்பாவை என் பைக்குள் போட்டேன். படம் வரைய அல்ல. அவள் உதட்டுக்குப் பூசச் சாயம் காய்ச்சத்தான் எடுத்தேன்.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் ரூத்தின் கீழுதட்டு ஓரத்தில் வெள்ளை வந்திருந்தது. முதலில் பால் காய்ந்த தடம் என்று நினைத்துக் கட்டைவிரலால் துடைத்தேன். அது போகவில்லை. மறுநாளும் துடைத்தேன். மூன்றாம் நாள் துடைக்கவில்லை, ஏனென்றால் அது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வெள்ளையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். பக்கத்தில் வைத்து, வெளிச்சத்தில் வைத்து, வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். என் அக்கா எஸ்தரின் உதட்டில்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்பக்கம், இரும்பு ஆலைகளின் புகைக்கூண்டு தெரிகிற தூரத்தில் எங்கள் காலனி. அம்மா சின்ன வயதில் நடவுக்கும் களைக்கும் போனவள். அவள் நட்ட கழனியெல்லாம் கம்பெனியான பிறகு அங்கன்வாடியில் உதவியாளராகச் சேர்ந்துகொண்டாள். அக்கா பன்னிரண்டாவது முடித்த கையோடு ஒரு ரப்பர் கம்பெனிக்குப் போனாள். செருப்பின் அடிப்பாகத்துக்குப் பசை பூசுகிற வேலை. கையுறை கொடுத்தார்கள், ஆனால் அதைப் போட்டுக்கொண்டால் பசை ஒட்டிக்கொண்டு வேலை ஓடாது. எல்லாரும் வெறுங்கையால்தான் பூசினார்கள். பசை டப்பாவின் மூடியை அக்கா பல்லால் கடித்துத் திறப்பாளாம். முதலில் விரல் நுனியில் வெள்ளை வந்தது, பிறகு உதட்டில். அவள் பக்கத்தில் நின்று பூசிய இன்னொரு பெண்ணுக்கும் விரலில் வந்தது. அதனால் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ‘கம்பெனி கெமிக்கல்’ என்று அம்மா சொன்னாள். ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், சர்ச்சில் கேட்டார்கள், தண்ணீர்க் குழாயடியில் கேட்டார்கள். எல்லாருக்கும் அம்மாவிடம் அந்த ஒரே பதில்தான் இருந்தது.

அந்தப் பதில் எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாமல் போகலாம். கம்பெனியால் வந்தது என்றால் அது ஒரு விபத்து. கை போனவர்கள், விரல் போனவர்கள், நெருப்புத் தெறித்துக் கண் போனவர்கள் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள், அதில் இதுவும் ஒன்று. ஆனால் பரம்பரையில் வந்தது என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் போதும், அக்காவோடு என் கல்யாணமும் போயிற்று. எனக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளின் கல்யாணமும் போயிற்று. அதனால் காரணம் கம்பெனி என்று ஊருக்குச் சொல்ல வேண்டும், அதே சமயம் ஊர் பார்க்கவும் கூடாது. அக்காவுக்கு ஓர் உதட்டுச் சாயம் தேவைப்பட்டது. அதைப் போட்டால் போட்டது மாதிரியே தெரியக்கூடாது.

பஜாரில் பேன்சி ஸ்டோருக்குப் போய்ப் பார்த்தோம். சிவப்பு, அதைவிடச் சிவப்பு, ரோஸ், மெரூன். எதைப் பூசினாலும் அக்கா கல்யாண ஸ்டேஜில் நிற்கிறவள் மாதிரி இருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு கம்பெனி வேனில் ஏறினால் தெருவே சேர்ந்து பேர் வைக்கும். எங்கள் உதடு சிவப்பு இல்லை. பழுப்பும் இல்லை. வெயிலில் நின்ற நாவற்பழத் தோலில் கொஞ்சம் தேயிலைத் தண்ணீர் ஊற்றின மாதிரி ஒரு நிறம். அந்த நிறத்தில் லிப்ஸ்டிக் செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அப்போதுதான் அம்மா கொண்டுவந்து வைத்திருந்த உடைந்த கிரேயான்கள் அக்காவின் கண்ணில் பட்டன. அங்கன்வாடிப் பிள்ளைகள் சிவப்பைத் தீர்த்துவிட்டுப் பழுப்பையும் ஊதாவையும் மிச்சம் வைத்திருந்தார்கள்.

“அங்கன்வாடி சாமான்டி. மேடம் கேட்டா இன்னா சொல்றது?” என்றாள் அம்மா.

“எல்லாம் ஒடஞ்சதும்மா. குப்பைக்குப் போறதுதான்” என்றாள் அக்கா.

காகிதத்தை உரித்து, கத்தியால் சீவி, பழைய குழிக்கரண்டியில் போட்டு, கொதிக்கிற தண்ணீருக்கு மேல் பிடிப்பாள். உருகி வரும்போது கொஞ்சம் தேங்காயெண்ணெய், கொஞ்சம் வாசலின். வீடு முழுக்க ஒரு மெழுகு வாடை அடிக்கும். பழுப்பு அதிகம், ஊதா கொஞ்சம், சிவப்பு ஒரு துணுக்கு. சரியாக வந்ததா என்று பார்க்கக் கண்ணாடி போதாது, ஏனென்றால் அவள் உதட்டில் பழைய நிறம் ஒரு பொட்டுகூட மிச்சமில்லை. என்னைத்தான் ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பாள்.

“வெளிச்சத்துக்கு வா. ஒதட்டக் காட்டு.”

“இன்னிக்கு எனக்கு பரிச்சைக்கா.”

“ஒன் ஒதட்டுக்கு இன்னாடி பரிச்சை? சிரிக்காத, சிரிச்சா கலர் மாறுது.”

என் முகவாயைப் பிடித்து உதட்டை உற்றுப் பார்ப்பாள். குச்சியில் தொட்டுத் தன் உதட்டில் வைப்பாள், மறுபடி என்னைப் பார்ப்பாள். செவப்பு ஏறிப்போச்சி என்பாள், இன்னும் பழுப்பு போடுவாள். நிறம் கூடி வந்ததும் தைலம் தீர்ந்த சின்ன டப்பாவில் ஊற்றி ஆறவைப்பாள். இப்படித்தான் என் உதட்டின் நிறம் என் அக்காவின் முகத்துக்குப் போயிற்று. சாயம் தீரும்போதெல்லாம் அது மறுபடி காய்ச்சப்பட்டது. அதைப் பூசிப் பூசி அவள் உதடு வெடித்து ரத்தம் வரும். அதற்கு மேலேயும் பூசிக்கொண்டு வேனுக்கு ஓடுவாள்.

சாயம் போட்டவளுக்குச் சில பழக்கங்கள் தாமாக வந்துவிடுகின்றன. அக்கா யார் முன்னாலும் சாப்பிட மாட்டாள். தண்ணீரை அண்ணாந்துதான் குடிப்பாள். குழந்தைகளைத் தூக்குவாள், கொஞ்சுவாள், தலையை முகர்வாள், முத்தம் மட்டும் கொடுக்க மாட்டாள். கடம்பத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எனக்கு வேண்டிய பவுடரை எல்லாம் மறந்துவிட்டு அம்மா அக்காவின் உதட்டைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அக்காவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். “பெரியவளுக்கு ஏன் இன்னும் பண்ணல?” என்று கேட்டார். “எனக்கு வேலைதாங்க முக்கியம். தங்கச்சிக்கு மொதல்ல முடியட்டும்” என்றாள் அக்கா. காப்பி கொடுத்தார்கள். சூடான காப்பி பட்டால் மெழுகு இளகிவிடும். அக்கா விரல் தெரியாமல் டம்ளரை முந்தானையால் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டே எல்லாப் பேச்சுக்கும் சிரித்தாள். அவர்கள் எழுந்து போகும் வரை ஒரு வாய் குடிக்கவில்லை. என் கல்யாணம் நடந்தது அந்தக் குடிக்காத காப்பியால்தான் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகு என் கணவருக்கு விஷயம் தெரியவந்தது. கம்பெனியில் கெமிக்கல் பட்டு வந்தது என்று சொன்னேன். அவரும் சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் மெஷின் பார்க்கிற வேலையில் இருந்தவர், ஆகவே மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்து நாங்கள் கிளம்பும்போது அம்மா உயிரோடு இல்லை. அக்கா அந்த ரப்பர் கம்பெனியை விட்டு வேறொரு கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். ஏர்போர்ட்டில் என் பெட்டியைத் தள்ளிக்கொண்டே, “நீ பூட்டா நான் யார் ஒதட்டப் பாத்து காய்ச்சறது?” என்று கேட்டுச் சிரித்தாள். போட்டோ அனுப்புகிறேன் என்றேன். அனுப்பியும் பார்த்தேன். ஒரு போனில் சிவப்பாகத் தெரிகிற உதடு இன்னொரு போனில் சாம்பலாகத் தெரியும். கடைசியில் ஞாபகத்தை வைத்துத்தான் அவள் காய்ச்சினாள். இங்கே வந்து இந்தக் குளிரில் என் உதடு வெளிறிப்போய்விட்டது. அவள் பூசியிருப்பது நான் ஊரில் இருந்தபோது எனக்கிருந்த நிறம்.

இப்போது ரூத்துக்கு வருகிறேன். இங்கே குழந்தை டாக்டரிடம் காட்டினோம். நாம் வெண்புள்ளி என்பதை ‘விட்டிலிகோ’ என்றார் அந்த அம்மாள், சளி என்று சொல்கிற அதே குரலில். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு எனக்கே தாங்காமல், அக்காவுக்கு உண்டு, ஆனால் அது ‘ஃபாப்ரிக்’ என்றேன். தொழிற்சாலை என்பதற்கு இங்கே அதுதான் சொல். ரூத்தைத் தொழிற்சாலைக்கு அழைத்துப் போனீர்களா என்று அவர் கேட்டார். இல்லை, அக்காதான் போனாள் என்றேன். அக்கா ரூத்தின் அக்காவா என்று கேட்டார். என் ஜெர்மன் அந்த அழகில் இருந்தது. எல்லாவற்றையும் விளங்க வைத்த பிறகு அவர் பொறுமையாகச் சொன்னார். பசையாலும் வந்திருக்கலாம். ரத்தத்தில் இருந்ததைப் பசை தட்டி எழுப்பியும் இருக்கலாம். யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வலிக்காது, ஒட்டாது, குழந்தை ஆரோக்கியமாக இருக்கிறாள். அவர் சொன்னதில் எனக்கு ஒரு வார்த்தைதான் காதில் நின்றது. ரத்தம். அந்த ஒரு வார்த்தையை அம்மா ஆயுசுக்கும் வாசற்படி தாண்டி உள்ளே விட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர், “எங்கம்மா கிட்ட இப்பத்திக்கு சொல்லாத” என்றார். அவருடைய அம்மாவைப் பற்றி எனக்குக் கவலை வரவில்லை. எனக்கு இருந்த பயம் அக்காவைப் பற்றியது. காலையில் வேன் அந்தப் பழைய ரப்பர் கம்பெனியின் கேட்டைத் தாண்டும்போது அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். “நாசமாப் போவ” என்று ஒவ்வொரு நாளும் வாய்க்குள் சொல்வதாக அவளே சொல்லியிருக்கிறாள். கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, மனிதர்கள் நடுவில் ஒரு வாய் சோறு இல்லை. இத்தனைக்கும் சேர்த்துத் திட்டுவதற்கு அவளுக்கு அந்த ஒரு கேட் இருந்தது. ஜெர்மனியில் பிறந்து, பசையையே பார்க்காத ரூத்தின் உதட்டைக் காட்டினால் அந்தக் கேட்டை நான் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வேண்டாம் என்று முடிவு செய்தேன். அக்காவுக்குத் தெரியவே கூடாது.

அதற்காகத்தான் அந்த பிஸ்கட் டப்பா. ஒரு சனிக்கிழமை சமையலறையில் குழிக்கரண்டியில் கிரேயானைச் சீவிப் போட்டு உருக்கினேன். கை தானாகச் செய்தது. பழுப்பு அதிகம், ஊதா கொஞ்சம், சிவப்பு ஒரு துணுக்கு. ரூத்தின் உதட்டில் மிச்சமிருந்த நிறத்தைப் பார்த்துப் பார்த்துக் கலந்தேன். முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவோடு வீடியோவில் பேசுவதற்கு மட்டும் பூசினேன். பிறகு கிட்டாவுக்கு அனுப்பும்போதும் பூசினேன். மற்ற குழந்தைகள் என்ன சொல்வார்களோ என்கிற நம் ஊர்ப் பயம் என்னோடு விமானம் ஏறி வந்திருந்தது.

கொஞ்ச நாளில் கிட்டா டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இவர் சிரித்துக்கொண்டே கண்டிக்கிற வகை. காலை உணவாக ரூத்துக்குச் சாக்லேட் கொடுக்காதீர்கள் என்றார். இங்கே எல்லாருக்கும் சர்க்கரை இல்லாத ‘ஃப்ரூஷ்டூக்’, அதாவது காலைச் சாப்பாடுதான், தினமும் அவள் வாயெல்லாம் சாக்லேட்டோடு வருகிறாள், ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே உட்கார வைக்கிறோம் என்றார். நான் தலையாட்டினேன். இனி கொடுக்க மாட்டேன் என்று மன்னிப்பும் கேட்டேன். என் மகள் தின்னாத சாக்லேட்டுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்து நின்றபோதுதான் விஷயம் உறைத்தது. அப்படியென்றால் தினமும் நான் பூசிவிட்டதை இவர்கள் வாசலிலேயே துடைத்திருக்கிறார்கள். பகல் முழுக்க ரூத் அந்த வெள்ளையோடுதான் பாடியிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள், மண்ணில் உருண்டிருக்கிறாள். வழியில் ரூத்தைக் கேட்டேன், ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லையாம். சொன்ன ஒரே ஆள் அந்த டீச்சர்தான். ரூத்தின் உதட்டில் ஒரு ‘ஷ்மெட்டர்லிங்’ உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். ஷ்மெட்டர்லிங் என்றால் வண்ணத்துப்பூச்சி. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். என் அக்காவின் வாசலில் இப்படி ஈரத்துணியோடு நிற்க ஒரு மனுஷி இல்லாமல் போனாளே என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பூச்சை மட்டும் நான் நிறுத்தவில்லை. அங்கேதான் எல்லாம் உடைந்தது. எங்களுக்குக் காலை, அக்காவுக்கு மத்தியானம். சர்ச்சுக்குப் போய் வந்த புடவையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், உதட்டில் சாயத்தோடு. எனக்கு முன்னாலும் அவள் சாயம் போட்டுக்கொண்டுதான் பேசுவாள், அது பழக்கமாகிவிட்டது. ரூத் என் மடியில் இருந்தாள். பெரியம்மாவுக்கு ஒன்று காட்டுகிறேன் என்றாள். நான் தடுப்பதற்குள் புறங்கையால் வாயை அழுத்தித் துடைத்து, போனுக்கு நேராக உதட்டை நீட்டினாள்.

“பெரிம்மா, எனக்கு ஷ்மெட்டர்லிங் வந்திருக்கு.”

அக்கா திரையை நெருங்கி வந்தாள். அவள் முகம் பெரிதாயிற்று.

“எப்ப வந்துச்சி?” என்றாள். என்னைத்தான் கேட்டாள்.

“போன குளிர்லக்கா.”

“அங்க ஊட்டாண்ட கம்பெனி எதனா கீதா?”

“ரொம்ப தூரத்துல இருக்கு.”

“வெளாட்டு சாமான்ல பசை கிசை எதனா?”

“இல்லக்கா. டாக்டர் பாத்தாங்க. ஒண்ணுமில்ல, ஒட்டாதுன்னு சொன்னாங்க.”

“அப்ப கம்பெனி இல்லியா?”

இந்தக் கேள்விக்குத்தான் நான் மாதக்கணக்காகப் பயந்துகொண்டிருந்தேன். “கம்பெனிதான்க்கா. ஒனக்குக் கம்பெனிதான்” என்றேன்.

“எனக்குக் கம்பெனி. கொழந்தைக்கு?”

ரூத் மடியிலிருந்து இறங்கி விளையாடப் போய்விட்டாள். அக்கா முந்தானையை எடுத்துத் தன் உதட்டைத் துடைத்தாள். புடவையில் என் உதட்டின் நிறம் ஒட்டியது. அதற்குக் கீழே வெள்ளையும் வெடிப்பும் இருந்த அவளுடைய சொந்த உதடு தெரிந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அதைப் பார்க்கிறேன்.

“நான்தான்டி குடுத்தேன்” என்றாள். “புள்ளைக்கு ஒரு வயசுல இட்டுக்கினு வந்தீங்களே. நீங்க ரெண்டு பேரும் ஒன் மாமியார் ஊட்டுக்குப் போயிட்டீங்க, நான் கொழந்தைய வெச்சிக்கினு இருந்தேன். தூங்கிக்கினு இருந்துச்சி. ஆசையா இருந்துச்சிடி. ஒரே ஒரு முத்தம் குடுத்தேன், வாயில.”

“அக்கா, அது அப்படியெல்லாம் ஒட்டாது.”

“சாயம் கொழந்தை வாயில ஒட்டிக்குமேன்னு தொடச்சிட்டுக் குடுத்தேன். தொடைக்காம குடுத்திருக்கணும்.”

டாக்டர் சொன்னதை நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒட்டாது என்று எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் சொன்னேன். முத்தம் கொடுத்து மூன்று வருடம் கழித்தா வரும் என்று கேட்டேன். அவள் எல்லாவற்றுக்கும் “சரி, சரி” என்றாள். கோபமாகவோ அழுகையாகவோ சொல்லவில்லை. கடைக்காரரிடம் விலை பேசி முடித்தவள் மாதிரி அமைதியாகச் சொன்னாள். அன்று போனை வைத்த பிறகு ஒரு வாரம் எனக்கு இது விளங்கவே இல்லை. முதியோர் இல்லத்தில் துணி மடிக்கிற வேலைக்குப் போகிறேன். யார் யாருடைய போர்வைகளையோ மடித்துக்கொண்டிருந்தபோதுதான் விளங்கியது. ரத்தத்தில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் கம்பெனி பொய்யாகிவிடும். கம்பெனி பொய்யானால் அவள் திட்டித் தீர்த்த வருடங்கள் எல்லாம் யாரைத் திட்டிய வருடங்கள் என்று ஆகும்? ஆனால் கம்பெனி அவளுக்குக் கொடுத்து, அவள் ரூத்துக்குக் கொடுத்தாள் என்றால் எல்லாம் அதது இருந்த இடத்திலேயே இருக்கும். அம்மா சொன்னது உண்மையாகவே இருக்கும். எங்கள் குடும்பத்தில் குற்றமில்லை, எனக்குக் குற்றமில்லை, என் மாமியார் நாளைக்கு என்னை ஒரு வார்த்தை கேட்க இடமில்லை. பழி மட்டும் ஒருத்தி தலையில் விழும், அந்தத் தலை அவளுடையது. பெண் பார்க்க வந்த அன்று காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தவள் வேறெதைத் தேர்ந்தெடுப்பாள்?

புலம்பெயர்ந்து வந்தவர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. இங்கே படித்ததை, இங்கே டாக்டர் சொன்னதை, ஒரு போனில் ஊருக்கு அனுப்பிவிடலாம், அவர்கள் தெளிந்துவிடுவார்கள் என்று. நானும் அப்படி நினைத்தவள்தான். ஒரு தமிழ் டாக்டர் பேசும் வீடியோவைக்கூடத் தேடி அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை. அடுத்த வாரம் கேட்டபோது, “டாக்டரு நல்லா பேசறாரு. நல்ல சட்டை” என்றாள். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. ஒரே வெள்ளைக்கு என் வீட்டில் ஒரு காரணமும் அவள் வீட்டில் ஒரு காரணமும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இங்கே டாக்டரிடம் போகும்போது நான் ரத்தம் என்கிறேன். அங்கே பேசும்போது கம்பெனி என்கிறேன். இரண்டையும் சொல்லும்போது எனக்கு உண்மையாகத்தான் இருக்கிறது, அதுதான் எனக்கே புரியவில்லை.

ரூத்துக்கு இப்போது நான் எதுவும் பூசுவதில்லை. வெள்ளை மேலுதட்டுக்கும் ஏறிவிட்டது. இரண்டாவது இறக்கை முளைத்துவிட்டதாக அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அக்கா வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை பேசுகிறாள். ஆனால் போனைக் கையில் பிடிப்பதில்லை. எதிரே எதன் மேலாவது சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறாள். சாயம் போட்ட முகம் திரையில் சின்னதாகத் தெரியும். கேட்டால் இப்படித்தான் கை வலிக்காமல் இருக்கிறது என்கிறாள்.

போன ஞாயிறு ரூத்துக்கு அது பிடிக்கவில்லை. “பெரிம்மா, கிட்ட வா” என்றாள்.

“இங்கருந்தே நல்லா தெரியுதுடி ராஜாத்தி.”

“கிட்ட வா.”

அக்கா எழுந்து வந்தாள். போனுக்கு முன்னால் குனிந்து, “வந்துட்டேன், இன்னா?” என்றாள். ரூத் என் கையிலிருந்த போனை இரண்டு கையாலும் இழுத்து, கண்ணாடியில் தெரிந்த பெரியம்மாவின் வாயில் தன் வெறும் உதட்டை அழுத்தி முத்தம் வைத்தாள். அங்கே அக்கா திடுக்கிட்டு விலகினாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போனாள். நடுவில் எத்தனை நாடு, எத்தனை கடல் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ரூத் சிரித்துக்கொண்டே மறுபடி முத்தம் வைத்தாள். அக்கா இன்னும் பின்னால் போனாள். நான் போனைப் பிடித்திருந்தேன். இந்தப் பக்கம் கண்ணாடியில் என் மகளின் வாய் ஈரம் இருந்தது. அந்தப் பக்கம் என் உதட்டின் நிறத்தை முந்தானைக்குள் மூடிக்கொண்டு என் அக்கா, முதுகு சுவரில் முட்டிய பிறகும், இன்னும் பின்னால் போக இடம் தேடிக்கொண்டிருந்தாள்.